கேரியரில் வந்தவர்

கடந்த ஆண்டு கார்த்திகை மாதம், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை. குழித்துறையில் ஆற்றுக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு பழைய திருமண மண்டபத்தில் இது நடந்தது. எங்கள் மாவட்டத்து ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் சேர்ந்து, சைக்கிளைப் பற்றி மட்டும் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள்.

நான் ஓவியன் அல்ல. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் எந்தப் பாலம் எப்போது கட்டப்பட்டது, எந்தச் சாலைக்கு எப்போது தார் போட்டார்கள், எந்தக் கடைக்கு முதலில் தொலைபேசி வந்தது என்று விசாரித்து எழுதி வைப்பது என் பழக்கம். இதை அறிந்த நண்பர்கள், படங்களின் கீழே ஒட்டவேண்டிய விளக்கச் சீட்டுகளை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இடம், காலம், ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

கண்காட்சி நன்றாகவே அமைந்திருந்தது. இனயம் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரின் சைக்கிளைப் பெட்டியோடு கொண்டுவந்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அரசு கொடுத்த சைக்கிள்களில் பள்ளி விட்டு வரும் மாணவிகளின் புகைப்படங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. ரப்பர் பால் வாளியைக் கைப்பிடியில் தொங்கவிட்டு விடியற்காலையில் போகிற ஒருவரின் கோட்டோவியம் இருந்தது. முன்பெல்லாம் ஊர் மைதானங்களில், கீழே இறங்காமல் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டிக் காட்டுவார்கள். அதைக் காட்டும் மங்கலான படம் ஒன்றும் எங்கிருந்தோ கிடைத்திருந்தது. பழைய சக்கர வளையங்களை வளைத்து யாரோ ஒரு நாற்காலி செய்திருந்தார்கள். வாசலை ஒட்டிய சுவரில் பழைய சைக்கிள் மணிகளை வரிசையாகப் பொருத்தி, விரும்பியவர்கள் அடித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த மணிச்சத்தம் நாள் முழுவதும் ஓயாது.

இவற்றுக்கு நடுவே, வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்த ஓவியம் ஒன்று உண்டு. செம்மண் சந்து ஒன்று. இரண்டு பக்கமும் செம்பருத்தி வேலி. இப்போதுதான் மழை பெய்யப் போகிறது என்பது போன்ற ஒரு மஞ்சள் வெளிச்சம். சந்தின் திருப்பத்தில் ஒரு சைக்கிள் வருகிறது. அதில் இரண்டு ஆண்கள். முன்னால் இருப்பவர் எழும்பி நின்று மிதிக்கிறார். அவர் முகம் கைப்பிடியை நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. பின்னால் கேரியரில் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர் கையில் மடக்கிய குடை. அவர் முகம் மட்டும் தெளிவாகத் தெரியும். படத்தின் முன்பக்கத்தில், நமக்கு முதுகைக் காட்டியபடி, சட்டை போடாத ஒரு சின்னப் பையன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களை நோக்கி ஓடுகிறான். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து வந்த பலர் அதன் முன்னால் வெகுநேரம் நிற்பதை நான் கவனித்தேன்.

வரைந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மார்த்தாண்டத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு வடிவமைக்கும் வேலை. ஓய்ந்த நேரத்தில் ஓவியம். சீட்டு எழுதுவதற்காக அவரிடம் விவரம் கேட்டபோது, படத்தின் கதையைச் சொன்னார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா கல்ஃபுக்குப் போய்விட்டார். இவரை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முந்தைய மழைக்காலத்தில் அங்கே இறந்துபோனார். அடக்கமும் அங்கேயே.

"இடையில ஒருக்கா லீவுக்கு வந்தாரு சாரே. அது ஒண்ணுதான் எனக்கு ஓர்மை. கூட்டுக்காரர் ஒருத்தருக்க சைக்கிள்ல பின்னால இருந்து வந்தாரு. நான் ஓடிப்போனேன். எறங்கி என்னத் தூக்கினாரு. பெறவு முன்னால பார்ல இருத்தி ஆத்துப் பாலம் வரைக்கும் கொண்டு போனாரு. ரோட்டுல ஒரு ஆளு கிடையாது, ஆனா மணிய அடிச்சிட்டே போனாரு. எனக்கு வேண்டி அடிச்சிருக்காரு."

இதைச் சொல்லும்போது அவர் முகம் குழந்தையின் முகம் போல இருந்தது. அப்பாவின் முகம் அவருக்கு நினைவில்லை. அம்மா அப்பாவின் திருமணப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் கேரியரில் இருப்பவரின் முகத்தை வரைந்தாராம்.

'அப்பா வருகிறார்' என்று அவரே தலைப்புச் சொன்னார். அதையும் ஊரையும் எழுதினேன். ஆண்டு மட்டும் எழுதவில்லை. அது அவருக்கும் தெரியவில்லை. ஓவியத்திலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்று நான் முயன்று பார்த்தேன். சைக்கிளின் டைனமோ விளக்கு, தார் போடாத சந்து, மின்கம்பம் இல்லாத வேலி, எல்லாவற்றையும் வைத்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுவந்துவிட்டேன். "சனிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வாறேன், அம்மாட்ட கேட்டுக்கிடுங்க" என்றார்.

சொன்னபடி அழைத்து வந்தார். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. மகனின் படங்கள் இதற்கு முன் சென்னையிலும் கொச்சியிலும் மாட்டப்பட்டிருக்கின்றன, அவர் போனதில்லை. வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்ததால்தான் இந்த முறை வந்தார். கலகலப்பானவர். உள்ளே நுழைந்ததும் சக்கர வளைய நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல இருந்தா எழுப்பி விட ரெண்டு ஆளு வேணுமே மக்கா."

"இது இருக்கதுக்கு இல்லம்மா. பாக்கதுக்கு."

"இருக்க முடியாத்த நாற்காலிய எதுக்குலே செய்யணும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மீன்பெட்டிச் சைக்கிளிடம் குனிந்து முகர்ந்து பார்த்து, "நல்லா கழுவிட்டானுவ. ஒரு மணமும் இல்ல" என்று குறை சொன்னார். மாணவிகளின் புகைப்படங்களுக்கு முன்னால், "எங்க காலத்துல பொம்பளப் பிள்ளை சைக்கிள்ல ஏறினா ஊரே கூடிரும்" என்றார். அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மகனின் ஓவியத்துக்கு முன் வந்து நின்றார்.

இடது கையைப் பக்கத்துச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"யாருன்னு தெரியுதாம்மா?" என்று மகன் கேட்டார்.

நெடுநேரம் கழித்து, "அப்பா" என்றார்.

"மொகம் சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு மக்கா."

சொன்னாரே தவிர, அவர் பார்வை அந்த முகத்தில் நிற்கவில்லை. சந்தின் திருப்பத்தையும் சைக்கிளையும் ஓடுகிற பையனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வந்திருந்தது. கணவரின் முகத்தைக் கண்டால் வரத்தானே செய்யும் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை மரியாதைக்காகக் காத்திருந்தேன். பிறகு சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அம்மா, ஒரே ஒரு விவரம் வேணும். இவருக்க அப்பா லீவுக்கு வந்தது எந்த வருஷம்?"

"லீவுக்கா?" என்றார், படத்திலிருந்து திரும்பாமலேயே. "அவிய எங்க லீவுக்கு வந்தாவ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று என் பக்கம் திரும்பி, "எனக்கு ஓர்மையில்ல சாரே. அத விடுங்க" என்றார்.

விட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு கணக்கு முக்கால்வாசி முடிந்து கையில் இருக்கும்போது விட எனக்குத் தெரியாது. அவருக்கு நினைவூட்டுகிற உதவியாக எண்ணிக்கொண்டு, மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்கமாகப் பேசத் தொடங்கிவிட்டேன். "யோசிச்சுப் பாருங்கம்மா. இவரு கைக்குழந்தையா இருக்கும்போ போனவரு. இவருக்கு ஓடி வாற பருவம்னா, அவரு தவறினதுக்கு ரொம்ப முன்னால இருக்க முடியாது. படத்துலயும் மழைக்காலம். அவரு தவறினதும் மழைக்காலம். அப்ப இது முந்தின வருஷத்து மழையா, அதே வருஷத்து மழையா?"

அவர் என்னையே பார்த்தார். "அதே மழைதான் சாரே" என்றார், மிக மெல்ல.

எழுதுவதற்குப் பேனாவின் மூடியைத் திறந்தேன். அதற்குள் மகன், "அதே மழையா?" என்றார். "அப்ப அப்பா வந்துட்டுப் போன ஒடனேயா?"

"வீட்டுக்குப் போயி பேசுவோம் மக்கா."

"வீட்டுல என்னத்தப் பேச? இஞ்ச சொல்லும்மா."

அந்த அம்மா படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் சொன்னார். "அது ஒனக்க அப்பா இல்ல மக்கா. துஷ்டி சொல்ல வந்தவிய."

இளைய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். வீட்டுக்கு வீடு தொலைபேசி வருவதற்கு முன், எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். அதைத் துஷ்டி சொல்வது என்போம். துஷ்டி சொல்ல ஒருவர் தனியாகப் போகமாட்டார். இரண்டு பேராக, பெரும்பாலும் ஒரே சைக்கிளில் போவார்கள். வழித்துணைக்காக இருக்கலாம், ஒருவருக்கு நாக்கு எழவில்லை என்றால் மற்றவர் சொல்வதற்காகவும் இருக்கலாம். போன வீட்டில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடமாட்டார்கள். ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர் சொல்வார். உட்காரமாட்டார்கள், தண்ணீர் குடிக்கமாட்டார்கள், 'வாறோம்' என்று விடைபெறவும் மாட்டார்கள். அதனால், முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே சைக்கிளில் ஒரு சந்துக்குள் திரும்பினால், அங்கே குடியிருப்பவர்கள் யார் வீட்டுச் சாவோ என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே எழுதியிருக்கிறேன். இருந்தும் அந்தப் படத்துக்கு முன்னால் அத்தனை முறை நின்றபோது ஒரு முறைகூட அது எனக்குத் தோன்றவில்லை. டைனமோ விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகன் படத்தைப் பார்த்தார். "பின்னால இருக்கது?"

"அதும் இல்ல. ரெண்டு பேரும் நான் கண்டறியாத ஆளுவ."

பிறகு அவர் நிறுத்தவில்லை. வெகு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைப் போலத் தொடர்ந்து சொன்னார்.

"மழை வரப் போவுதுன்னு நான் துணி எடுக்க முத்தத்துல நின்னேன். ரெண்டு ஆளு ஒரு சைக்கிள்ல சந்து திரும்பினத கண்டதும் கையில இருந்த துணி ஒக்க கீழ விழுந்து போச்சு. நம்ம வீட்டத் தாண்டிப் போயிரணும் கர்த்தாவேன்னு வேண்டினேன். அடுத்த வீட்டுக்குப் போவட்டும்னு வேண்டினேன் மக்கா. அந்த வீட்டுலயும் பிள்ளையள் உண்டு, ஆனாலும் வேண்டினேன். அதுக்குள்ள நீ ஓடிட்ட. சைக்கிளக் கண்டா நீ நிக்கமாட்டியே. கையை விரிச்சிட்டு ஓடின. பின்னால இருந்தவரு எறங்கி உன்னத் தூக்கினாரு. தூக்கினவரு அப்படியே நின்னுட்டாரு. மத்தவருதான் எனக்கிட்ட வந்து சொன்னாரு."

"பெறவு?"

"பெறவு நான் அலறினது எனக்கே கேக்கல்ல. பக்கத்து வீட்டு அக்காதான் பிற்பாடு சொன்னாவ. சொன்னவரு, 'வா, இஞ்ச நிக்கப்படாது, போலாம்'னு கூட வந்தவர விளிச்சாராம். இவரு கேக்கல்லியாம். உன்ன பார்ல இருத்திட்டு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு. மத்தவரு நடந்து போனாராம். விளக்கு வைக்கப்போற நேரத்துல உன்னக் கொண்டு வந்தாரு. நீ அவருக்க தோள்ல ஒறங்கிட்டு இருந்த. அக்கா கையில தந்துட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு."

அப்போது கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இங்கே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. வாசல் சுவரில் இருந்த மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். மண்டபம் முழுக்க மணிச்சத்தம். மகன் அந்தப் பக்கம் திரும்பினார்.

"அதான் மணிய அடிச்சாரா" என்றார்.

அவர் அம்மாவுக்கு அது விளங்கவில்லை. மணியைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்கு விளங்கியது. ஆளில்லாத சாலையில், பாலம் வரைக்கும் விடாமல் அடித்த அந்த மணி, பின்னால் கேட்ட எந்தச் சத்தத்தை ஒரு குழந்தையின் காதில் விழாமல் செய்வதற்காக அடிக்கப்பட்டது என்று விளங்கியது.

மகன் வெளியே போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் ஆற்றைப் பார்த்தபடி நிற்பது தெரிந்தது. தூறல் போடத் தொடங்கியிருந்தது.

அவர் அம்மா என்னிடம், "சாரே, உங்களுக்கு அந்த வருஷம் எதுக்கு?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். சீட்டில் எழுத என்று சொல்ல வாய் வரவில்லை. சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"இவன் ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போ, மத்த பிள்ளையளுக்க அப்பன்மாரு கல்ஃப்லேருந்து வந்து பள்ளிக்கூடத்து வாசல்ல நிப்பாவ. ஒருநாள் இவன் வந்து கேட்டான், 'எனக்க அப்பாவும் வந்து என்னச் சைக்கிள்ல கொண்டு போனாருல்லா?'ன்னு. ஆமான்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு ஆமா. பெறவு அத எப்படித் திருப்பி எடுக்க? அவன்ட்ட வேற என்ன இருந்து சாரே? அவியளுக்க சாமான் வச்ச ஒரு பொட்டிகூட வரல்ல."

பிறகு அவர் மறுபடியும் ஓவியத்தைப் பார்த்தார்.

"அவிய போனப்பெறவு எத்தர நாளு அந்தச் சந்து முக்கையே பாத்துட்டு நின்னிருக்கேன். அவிய வரல்ல. இப்ப இவன் வர வச்சிட்டான்."

மகன் எப்போது உள்ளே வருவார், வந்து என்ன சொல்வார் என்பதுதான் எங்கள் இரண்டு பேர் மனத்திலும் இருந்தது. அவரிடம் அப்பாவைப் பற்றி இருந்தது ஒரே ஒரு நினைவு. அதை நான் பேனாவும் கையுமாக நின்று, ஒரு வருஷத்துக்காக, பிடுங்கி எடுத்திருந்தேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

மகன் தலைமுடி நனைந்து உள்ளே வந்தார். நேராக ஓவியத்துக்கு முன் போய் நின்றார்.

"அந்த ஆளு எப்படி இருந்தாரு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"மொகம் பாக்கல்ல மக்கா. சொன்னவருக்க வாயத்தான் பாத்துட்டு நின்னேன்."

"பேரு?"

"பெறவு ஆளுவிட்டு விசாரிச்சேன். கல்ஃப்லேருந்து போன் வந்த கடையில சாமான் வாங்க நின்ன ஆளாம். துஷ்டிக்கு ஒருத்தர அனுப்பப்படாதுல்லா, கடைக்காரரு, 'நீ ஒண்ணு கூடப் போ'ன்னு சொல்லி விட்டிருக்காரு. எந்த ஊருன்னு கடைக்காரருக்கே தெரியல்ல."

எந்தக் கடை என்று கேட்க என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தொலைபேசி இருந்த கடைகள் எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மகன் ஓவியத்திலிருந்து அம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்பாக்கு சைக்கிள் சவட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. ஆனால் அது சிரிப்பு.

"எங்க! அவியளுக்கு சைக்கிளே வராது மக்கா. கல்யாணம் முடிஞ்ச புதுசுல, என்ன ஏத்திட்டுக் கோயிலுக்குக் கொண்டு போறேன்னு வீம்புக்கு எடுத்தாவ. முக்கு திரும்பல்ல, ரெண்டு பேரும் வாழத் தோட்டத்துக்குள்ள. எனக்க அண்ணன்மாரு வந்து தூக்கினாவ. 'மச்சானுக்குப் பிரேக்கு எதுன்னு தெரியாதோ'ன்னு கேட்டுக் கேட்டு அவியள ஊரு விட்டே ஓட்டிட்டானுவ. பெறவு எங்க போனாலும் பஸ்சுதான்."

மகனும் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். பின்பு, அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் நனைந்த தலையைத் தன் சேலையால் துடைத்தார்.

"இதெல்லாம் ஏம்மா இதுவரைக்கும் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே மக்கா. ஒனக்குத்தான் ஒரு சைக்கிள் அப்பா இருந்தாருல்லா."

நான் அங்கிருந்து விலகி வாசலுக்குப் போய்விட்டேன். கண்காட்சி மூடும் நேரம் வரை அவர்கள் இருவரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் என் காதில் விழவில்லை. தவளையைக் கண்டால் அவர் அப்பா கட்டிலில் ஏறிவிடுவார் என்பதும், பாட்டுப் பாடினால் கோயில் பாடகர் குழுவே சுதி மாறிவிடும் என்பதும் விழுந்தன. நடுவில் மணிகளை அடிக்க வந்தவர்களிடம், கொஞ்ச நேரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

புறப்படும்போது மகன் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"சாரே, அந்தச் சீட்ட மாத்தித் தரணும்."

"படத்தையும் மாத்துவீங்களா?"

"இல்ல. மொகம் அப்பாவுக்கதே இருக்கட்டு. அந்த ஆளுக்கு மொகம் ஆருக்கும் தெரியல்லியே, ஒரு நல்ல மொகம் வேணும்லா. அம்மாக்கும் அப்பா அந்தச் சந்துல வந்த மாதிரி இருக்கும்." வாசலில் நின்ற அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தலைப்பு மட்டும் மாத்துங்க. 'என்னைத் தூக்கிக்கொண்டு போனவர்'னு எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். ஊரும் எழுதவில்லை, ஆண்டும் எழுதவில்லை. கண்காட்சி முடியும் வரை அந்தச் சீட்டு அப்படியேதான் இருந்தது. மற்றச் சீட்டுகளைப் போல இதில் காலம் குறிக்கவில்லையே என்று யாராவது கேட்டால், தெரியவில்லை என்று சொன்னேன். அந்த மழைக்காலம் எந்த ஆண்டு என்பது அவர்கள் பேசியதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

பழைய செய்திகளைத் தேடிப் போவதை நான் விடவில்லை. தேதிகளின் மேல் உள்ள ஆசையும் குறையவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒருவரிடம் 'அது எந்த வருஷம்?' என்று கேட்க வாய் திறக்கும் முன், அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன்.